பிலிம் இருந்த இடத்தில் ஒரு சில்லு



இன்று நான் பேசப்போகும் பொருளை எனக்குத் தந்தவன் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். டெங்கில் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். அங்கே ஆறாம் ஆண்டில் படிக்கும் அந்த மாணவன், ஒரு நாள் காலையில் பழைய துண்டில் சுற்றிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். ஜப்பானில் செய்த பழைய கேமரா. அவனுடைய தாத்தா இளைஞராக இருந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் பழைய பொருளாக வாங்கியதாம்.

"டீச்சர், இதற்குப் பிலிம் வாங்க வேண்டுமானால் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். கழுவுவதற்கும் நிறையக் காசு கேட்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் சில்லு இருக்கிறதே, அதை எடுத்துப் பிலிம் இருந்த இடத்தில் வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு விடை தெரியவில்லை என்பதுதான் காரணம். "ஒரு வாரம் தவணை கொடு, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்கும் போய்வந்தேன். இன்று புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கும் இடத்தில் முன்பு பிராங் பெசார் போன்ற ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன என்பது நேயர்கள் பலருக்கும் தெரிந்ததே. 1990களில் அந்தத் தோட்டங்கள் மறைந்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பெரியவரும் அப்படி வந்தவர்தாம். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாகத் திரிந்தவர். கோயில் திருவிழா, கல்யாணம், பெரட்டுக்களம், லயத்து வாசலில் பிள்ளைகள் என்று அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ் சுருள்கள் ஒரு மைலோ டின்னில் கிடக்கின்றன. "வர்ற பொங்கலுக்கு வீட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு, இந்தக் கேமராவுல ஒரே ஒரு படம் எடுத்துடணும் டீச்சர். கைபோன்ல எடுத்தா எனக்குப் படம் எடுத்த மாதிரியே இல்ல" என்றார் பெரியவர்.

பையனின் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிலிம் இருந்த இடத்தில் ஒரு சில்லை வைத்தால் போதாதா? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காண, ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேர்ந்த பொறியாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது நான் வியந்து போனேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது 'ரேஞ்ச்பைண்டர்' வகையைச் சேர்ந்தது. தூரம் காட்டும் கேமரா என்று நாம் சொல்லலாம். அதன் முகப்பில், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி, இரண்டு சிறிய சன்னல்கள் உண்டு. நேயர்களே, உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடக்கண்ணை மூடி ஒரு முறையும், வலக்கண்ணை மூடி ஒரு முறையும் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகிறது அல்லவா? விரலைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் அதிகமாகவும், தள்ளிப் பிடித்தால் குறைவாகவும் இடம் மாறும். இந்த மாற்றத்தைக் கொண்டுதான் கேமரா தூரத்தை அளக்கிறது. இரு சன்னல்களிலும் தெரியும் உருவங்கள் முதலில் இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக, இரண்டும் நெருங்கிவந்து ஒன்றாகிவிடும். ஒன்றானதும் படம் தெளிவாக விழும் என்று பொருள்.

சிறிய பிலிம் கேமராக்களில் பெயர் பெற்றது ஜெர்மனியின் லைக்கா. ஆஸ்கர் பார்னாக் என்பவர், சினிமாப் படச் சுருளைக் கொண்டு, சட்டைப் பைக்குள் அடங்கும் கேமரா ஒன்றை உருவாக்கினார். அது 1925இல் விற்பனைக்கு வந்தது. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட படக்கட்டம் அந்தக் கேமராவால்தான் உலகெங்கும் பரவியது. 1932இல் வந்த லைக்காவில், தூரம் காட்டும் சன்னல்கள் லென்ஸோடு இணைக்கப்பட்டன. 1954இல் 'எம் 3' என்ற கேமரா வந்தது. அன்று அதற்காகச் செய்த லென்ஸை இன்றைய எம் வகைக் கேமராவிலும் மாட்டலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த வகைக் கேமராவில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஏறி இறங்கும் கண்ணாடி கிடையாது. லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் மற்றொரு வகைக் கேமரா உண்டு. அதில் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம் விட்டு லென்ஸைத் தள்ளி வைப்பார்கள். நிக்கான் நிறுவனத்தின் அத்தகைய கேமராவில், லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம். லைக்கா எம் வகையில் அது 27.8 மில்லிமீட்டர்தான். லென்ஸ் அருகில் இருப்பதால் கேமரா சிறியதாக இருந்தது. அகலக் காட்சி எடுக்கும் லென்ஸ்களையும் சிறியதாகவும் நேர்த்தியாகவும் செய்ய முடிந்தது. சில லென்ஸ்களின் பின்பக்கக் கண்ணாடி பிலிமைத் தொட்டுவிடுமோ என்னும் அளவுக்கு உள்ளே நீளும்.

அவ்வளவு அருகிலிருந்து வரும் ஒளி, பிலிமின் நடுவில் நேராக விழும். மூலைகளில் மிகவும் சாய்ந்து விழும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படக்கட்டத்தின் நடுவிலிருந்து மூலைக்கு 21.6 மில்லிமீட்டர். ஒளி 28 மில்லிமீட்டர் தூரத்திலுள்ள ஒரு புள்ளியிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், மூலையில் அது ஏறக்குறைய 38 பாகை சாய்ந்து விழும். பிலிமுக்கு இது பெரிய தொல்லையில்லை. பிலிம் என்பது ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்புத் துகள்களைப் பூசிய மெல்லிய தாள். ஈரத் துணியின்மேல் மழை நேராக விழுந்தாலும் சாய்ந்து விழுந்தாலும் துணி நனையும். பிலிமும் அப்படித்தான்.

சில்லு அப்படியல்ல. அது எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்குச் சொல்வது எளிது. நிரை நிரையாகப் பால்மரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு ஒரு மங்கு. இரவோடு இரவாக என் தாயார் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிவிட்டு வந்த மரங்களில், காலையில் மங்குகள் நிறைந்திருக்கும். ஒரு மரத்தில் அதிகம், இன்னொன்றில் குறைவு. படம் பிடிக்கும் சில்லிலும் இலட்சக்கணக்கான மங்குகள் உண்டு. ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. அவற்றில் சேர்வது பால் அன்று. ஒளி விழுவதால் பிறக்கும் மின்னூட்டம். வெளிச்சமான இடத்தில் மங்கு நிறையும்; இருட்டான இடத்தில் அடியோடு நிற்கும். எந்த மங்கில் எவ்வளவு என்று அளந்து எழுதிவிட்டால், அந்த எண்களே படம்.

எப்படி அளப்பது? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு மங்கிலும் உள்ளதை அடுத்த மங்குக்கு ஊற்றி, அதை அதற்கடுத்ததற்கு ஊற்றி, நிரையின் ஓரம்வரை கடத்திக் கொண்டுபோய், அங்கே ஒரே தராசில் வரிசையாக நிறுத்தல். இதற்கு சி.சி.டி. என்று பெயர். இதற்காக 2009இல் அவ்விருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பின்னர் பெருவழக்காக வந்த 'சிமாஸ்' சில்லில் வேறு ஏற்பாடு. அங்கே ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சிறு தராசு உண்டு. பாலைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு நடக்க வேண்டியதில்லை.

1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாத கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. அதே 1970களில், நம் சிலாங்கூரில் சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் இளம்பெண்கள் அத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். உருப்பெருக்கி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை அது. ஆகையால் சில்லு என்பது நம் வீட்டுப் பெண்களின் விரல்களுக்குப் பழகிய பொருள்தான்.

இனி, பையனின் கேள்விக்கு வருவோம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உயரமான பால்மாவு டின் ஒன்றை மேசைமேல் வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கை அதற்கு நேர்மேலே பிடியுங்கள். டின்னின் அடி முழுவதும் வெளிச்சமாக இருக்கும். கைவிளக்கை மெல்லச் சாயுங்கள். ஒரு பக்கச் சுவரின் நிழல் அடியில் விழும். இன்னும் சாய்த்தால், அடியில் வெளிச்சமே விழாது. ஒளி சுவரில் பட்டு நின்றுவிடும். இப்போது டின்னை எடுத்துவிட்டு, உயரம் குறைந்த மத்தி மீன் டின்னை வையுங்கள். அதே சாய்வில் இப்போது அடியின் ஒரு பகுதியாவது வெளிச்சமாக இருக்கும்.

சில்லின் மங்குகளும் அந்தக் காலத்தில் உயரமான டின்களைப் போல் இருந்தன. ஒளியை உணரும் பகுதி அடியில். அதற்குமேல் நுண்ணிய கம்பிகளும் அடுக்குகளும் சுவராக நின்றன. நேராக விழும் ஒளி அடியைத் தொடும். மூலைகளில் 38 பாகை சாய்ந்துவரும் ஒளி சுவரில் முட்டும். விளைவு என்ன? படத்தின் நடுவே வெளிச்சம், மூலைகளில் இருட்டு.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. மங்குகளுக்கு நிறம் தெரியாது; எவ்வளவு ஒளி என்பது மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி வைப்பார்கள். பாதி மங்குகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த இந்த முறைக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. ஒளி அதிகமாகச் சாய்ந்தால், பச்சைக் கண்ணாடிக்குள் நுழைந்த ஒளி பக்கத்திலுள்ள சிவப்பு மங்கில் போய் விழுந்துவிடும். உங்கள் மரத்துப் பால் அடுத்த நிரைக்காரர் மங்கில் வடிந்தால் கிராணியின் கணக்கு என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் நடக்கும். படத்தின் ஓரங்களில் இல்லாத நிறங்கள் தோன்றும்.

நம் பையனைப் போலவே எண்ணியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1990களின் இறுதியில், பழைய கேமராக்களில் பிலிம் சுருள் இருக்கும் இடத்தில் பொருத்தக்கூடிய ஒரு சில்லைச் செய்வதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. பொருளுக்கு 'மின்பிலிம்' என்ற பொருள்படப் பெயரும் வைத்தார்கள். ஆனால் அது கடைக்கு வராமலே 2001இல் அந்த முயற்சி நின்றுபோயிற்று. ஆகவே, வகுப்பில் சிரித்த பிள்ளைகளிடம் நான் பிறகு சொன்னேன்: "இதே கேள்விக்காகப் பெரியவர்கள் ஒரு நிறுவனமே நடத்தியிருக்கிறார்கள்."

2004இல் ஜப்பானின் எப்சன் நிறுவனம், கொசினா நிறுவனத்தின் துணையோடு, சில்லு கொண்ட முதல் ரேஞ்ச்பைண்டர் கேமராவை வெளியிட்டது. லைக்கா எம் வகை லென்ஸ்களை அதில் மாட்டலாம். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? சில்லைச் சிறியதாக வைத்துக்கொண்டார்கள். பிலிம் கட்டம் 36க்கு 24 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சில்லு ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீட்டர். மூலைகளுக்கு வரும் சாய்ந்த ஒளியை அது பிடிக்கவே முயலவில்லை. நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இது ஒரு வழிதான். ஆனால் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் தன் அகலத்தை இழந்துவிட்டது. பெரியவர் தம் பொங்கல் படத்தில் பத்துப் பேரை நிறுத்தினால், ஓரத்தில் நிற்கும் மருமகனும் பேத்தியும் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள்.

2006இல் லைக்கா நிறுவனம் 'எம் 8' என்ற கேமராவை வெளியிட்டது. கோடாக் செய்துகொடுத்த அதன் சில்லு 27க்கு 18 மில்லிமீட்டர். அதில் ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட மங்குகள் இருந்தன. ஒவ்வொரு மங்கின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 147இல் ஒரு பங்கு. இந்தச் சில்லில் ஓர் அருமையான உத்தியைக் கையாண்டார்கள். ஒவ்வொரு மங்கின் தலையிலும் ஒரு குட்டிக் கண்ணாடி வில்லை உண்டு. ஒளியைக் குவித்து உள்ளே அனுப்பும் புனல் அது. வழக்கமாகப் புனல் மங்குக்கு நேர்மேலே இருக்கும். இவர்களோ, ஓரங்களை நோக்கிப் போகப்போக, புனல்களை நடுப்பக்கம் சற்றுச் சற்றாக நகர்த்தி வைத்தார்கள். மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்தால், பீப்பாயின்மேல் வைத்த தகரத்தைக் கிழக்கே சற்று இழுத்துவிடுவோம் அல்லவா? அதே அறிவுதான்.

அடுத்தது கண்ணாடி. சில்லைக் காக்க அதன்மேல் ஒரு கண்ணாடி மூடி உண்டு. தடித்த கண்ணாடி, சாய்ந்துவரும் ஒளியை இன்னும் விலக்கி, மூலைகளில் படத்தைக் கலங்கலாக்கும். எனவே அதை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மெலியச் செய்தார்கள். மூலைகள் தெளிந்தன. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு கடமையும் இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வேலி அதுவே. வேலி மெலிந்ததும் அந்தக் கதிர் உள்ளே நுழைந்துவிட்டது. செயற்கை நூலில் நெய்த கறுப்புத் துணிகள் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கினாலும் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அதனால் அந்தக் கேமராவின் படங்களில் கறுப்புக் கோட்டு ஊதா நிறமாகத் தெரிந்தது!

இந்தக் கதிரை நீங்களே வீட்டில் பார்க்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து, அதன் முனையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதே முனையைக் கைத்தொலைபேசியின் கேமரா வழியே பாருங்கள். பல தொலைபேசிகளில், ஊதா கலந்த வெள்ளையாக ஒரு விளக்கு மின்னுவது தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் முயன்று பாருங்கள். என் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, பிள்ளைகள் ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை.

லைக்கா நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டது. கேமரா வாங்கியவர்களுக்கு, லென்ஸின் முன்னே மாட்டும் வடிகட்டிக் கண்ணாடிகள் இரண்டை இலவசமாகக் கொடுத்தது. லென்ஸின் வளையத்தில் ஆறு சிறு குறிகளைப் பதித்து, எந்த லென்ஸ் மாட்டப்பட்டிருக்கிறது என்று கேமராவே படித்துக்கொண்டு, மூலைகளின் இருட்டையும் நிறத்தையும் கணக்கிட்டுத் திருத்தும் ஏற்பாடும் இருந்தது.

2009இல் வந்த 'எம் 9' கேமராவில், பிலிம் கட்டத்தின் முழு அளவான 36க்கு 24 மில்லிமீட்டர் சில்லு இடம்பெற்றது. ஒரு கோடியே எண்பது இலட்சம் மங்குகள். மேல் கண்ணாடியை 0.8 மில்லிமீட்டராக்கி, அகச்சிவப்பை நன்றாக விழுங்கும் வேறு வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். கறுப்பு மீண்டும் கறுப்பாயிற்று. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. ஆண்டுகள் செல்ல, சில கேமராக்களில் கண்ணாடி அரித்து, படங்களில் புள்ளிகள் விழுந்தன. நிறுவனம் 2014இல் இதையும் ஒப்புக்கொண்டு, சில்லுகளை மாற்றிக் கொடுத்தது. தலைக்கு இழுத்தால் காலுக்கு எட்டாத போர்வை என்பார்களே, அந்தக் கதையாகத்தான் இருந்தது இவர்கள் பட்ட பாடு. ஆனால் ஒவ்வொரு முறையும் போர்வை சற்று நீண்டுகொண்டே வந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த மாற்றம் மங்கின் ஆழத்தில் வந்தது. 2012இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு விற்பனைக்கு வந்த கேமராவுக்காக, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்த ஒரு நிறுவனம் தனியாக ஒரு சிமாஸ் சில்லை வடிவமைத்தது. அதில் மங்குகளை ஆழமில்லாமல் செய்து, மேலே உள்ள குட்டி வில்லைகளை அகலமாக்கினார்கள். உயரமான பால்மாவு டின்னுக்குப் பதில் மத்தி மீன் டின்! 2022இல் வந்த 'எம் 11' கேமராவின் சில்லில் ஆறு கோடி மங்குகள். அதில் கம்பிகளையெல்லாம் ஒளி உணரும் பகுதிக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். ஒளியின் வழியில் அந்தக் கம்பிச் சுவர் இல்லை. சாய்ந்துவரும் ஒளியும் உள்ளே இறங்க இடம் கிடைத்தது.

விலை உயர்ந்த கேமராக்களின் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் எண்ணலாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பாருங்கள். அது எவ்வளவு மெல்லியது! அதற்குள் லென்ஸும் சில்லும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி இருக்கின்றன. சாய்ந்த ஒளி என்ற தொல்லை அங்கேயும் உண்டு. நகர்த்தி வைத்த குட்டி வில்லைகளும், பின்னால் தள்ளிய கம்பிகளும் அங்கேயும்தான் வேலை செய்கின்றன. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் நான்கு மூலைகளும் வெளிச்சமாக இருப்பதற்கு இந்த அறிவே காரணம்.

ஒரு வாரம் கழித்து, நான் பையனிடம் சொன்ன விடை இதுதான்: "பிலிம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு சில்லை வைத்தால் போதாது. அந்த இடத்துக்கென்றே, அந்த லென்ஸுக்கென்றே செய்த சில்லு வேண்டும். பழைய லென்ஸை மாற்றாமல், புதிய சில்லைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர்கள்தாம் வென்றார்கள். உன் கைத்தொலைபேசியின் சில்லு, தாத்தாவின் படக்கட்டத்தில் ஒரு மூலைக்குக்கூட நிறையாது." அவன் முகம் சற்று வாடியது. பிறகு அவனே கேட்டான்: "அப்படியானால் டீச்சர், சில்லு பிலிமுக்குள் போக முடியாவிட்டால், பிலிமைச் சில்லுக்கு முன்னால் வைக்கலாமே?"

நேயர்களே, அந்த யோசனையைத்தான் நாங்கள் செய்தோம். மைலோ டின்னிலிருந்த நெகட்டிவ்களை எடுத்தோம். அதை உங்களுக்கும் சொல்கிறேன்; உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கலாம்.

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சைக் காளான் பிடித்திருந்தால் தேய்க்க வேண்டாம். பகல் வெளிச்சம் விழும் சன்னலில், ஒளி ஊடுருவும் வெள்ளைத் தாளை ஒட்டி, அதற்கு ஒரு விரற்கடை முன்னால் நெகட்டிவை நிறுத்துங்கள். அப்படி விலக்கி வைத்தால் தாளின் நார் படத்தில் தெரியாது. கைத்தொலைபேசியை அசையாமல் நேரே பிடித்துப் படம் எடுங்கள். பிறகு தொலைபேசியிலேயே நிறங்களைத் தலைகீழாக மாற்றும் வசதியால், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும். வேலை முடிந்ததும் நெகட்டிவ்களைக் காகித உறைகளில் இட்டு, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். நம் நாட்டின் புழுக்கம் பிலிமுக்கு எமன்.

முதல் படம் தொலைபேசித் திரையில் மாறி வந்தபோது, பெரியவர் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். லயத்து வாசல், அதன் படிக்கட்டு, படியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் அவருடைய காலஞ்சென்ற மனைவி. குழந்தை, பையனின் தந்தை. அந்த லயமும் இன்று இல்லை, அந்தப் படிக்கட்டும் இல்லை. அப்பாவைக் குழந்தையாகப் பார்த்த பையன் வாயடைத்து நின்றான். பெரியவர் ஒன்றுமே பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்த டின்னுல இன்னும் இருக்கு டீச்சர்" என்றார்.

பொங்கலுக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பிலிம் சுருள் வாங்கிக் கொடுத்தோம். பெரியவர் தம் கேமராவில், இரட்டை உருவங்களை ஒன்றாக்கி, தாமே படம் எடுத்தார். பக்கத்தில் பேரன் நின்று ஒவ்வொரு படமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு, பிள்ளைகளின் கேள்விக்கு எப்படி விடை சொல்வது என்று கற்பித்தார்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதை எனக்குக் கற்பித்தவன் இந்த மாணவன். உங்கள் பிள்ளை வேடிக்கையாக ஒன்றைக் கேட்டால், "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பள்ளிக்கு அனுப்பி ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை நாளை ஒரு சில்லை வடிவமைக்கும் பொறியாளராக வரலாம். வராமலும் போகலாம். ஆனால் தாத்தாவின் டின்னைத் திறந்து பார்த்த பிள்ளையாக அவன் நிச்சயம் வளர்வான்.

நேயர்களே, இன்றோ நாளையோ உங்கள் வீட்டுப் பெட்டியடியைப் பாருங்கள். அங்கே ஒரு பழைய கேமராவோ, ஒரு சுருள் நெகட்டிவோ இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளை அருகில் அழைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள்.